சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

தலைமை என்னும் சொல்லைக் கேட்டவுடன், படை நடத்திய வேந்தரும் மேடையேறி முழங்கிய பெருமக்களுமே பலருடைய நினைவிற்கு வருவர். படையும் மேடையும் இன்றியே, அஞ்சி ஒடுங்கியிருந்த சிறுமியரை நிமிர்ந்து நிற்கச் செய்து, அவர்களைப் பிறர்க்கு வழிகாட்டுவோராக ஆக்கிய தலைமையும் உண்டு. அத்தகைய தலைமைக்கு இலக்கணமாய் விளங்கியவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். அவர் தம் வாழ்நாளில் ஈட்டிய செல்வம் பொன்னும் அன்று, பொருளும் அன்று. தம்மிடம் கற்றுத் தம் காலில் நின்ற பெண்மக்களே அவர் ஈட்டிய செல்வம்.

பிறப்பும் இளமையும்

சுப்புலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் பொறியியல் கற்றவர். தாயார் விசாலாட்சி அம்மையார். பிற்காலத்தில் சட்டமன்றத்தில் பெண்ணுரிமைக்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களும் அதே ஆண்டில் பிறந்தவரே. தமிழ்நாட்டுப் பெண்குலத்திற்கு அவ்வாண்டு ஒரு நல்லாண்டு எனலாம்.

சிறுமி சுப்புலட்சுமி கல்வியில் மிக்க ஆர்வம் உடையவராய் இருந்தார். ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். பெண் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த அக்காலத்தில் இஃது எளிய வெற்றி அன்று. ஆயினும், அக்கால வழக்கத்தினின்று அவர் குடும்பமும் தப்பவில்லை. பதினோராம் வயதில் அவருக்கு மணம் நிகழ்ந்தது. மணம் நிகழ்ந்த சின்னாட்களிலேயே கணவர் இறந்தார். திருமணம் என்பதன் பொருளையே அறியாத அச்சிறுமியைக் கைம்பெண் என்று ஊரார் அழைக்கலாயினர்.

கைம்மையின் கொடுமை

அந்நாளில் உயர்குலத்துக் கைம்பெண்களின் நிலை சொல்லுந்தரம் உடையதன்று. கூந்தலைக் களைந்துவிடுவர். நல்லுடையும் அணியும் அவர்களுக்கு இல்லை. ஒருவேளை உணவே விதி. மங்கலச் செயல்கள் நிகழும் இடத்தில் அவர்கள் தலைகாட்டலாகாது. காலையில் வெளியே புறப்படுவோர் கைம்பெண் எதிரே வந்தால் தீய சகுனம் என்று கருதித் திரும்பிவிடுவர். பத்து வயதுச் சிறுமியேயாயினும் இவ்விதிகளுக்கு விலக்கு இல்லை. வீட்டின் பின்கட்டில் அடுப்பும் அம்மியுமே துணையாகப் பலர் வாழ்நாளைக் கழித்தனர்.

இக்கொடுமைகளுள் பெரிது எது? பசியும் பட்டினியும் உடலைத்தான் வாட்டும். தான் பிறருக்குக் கேடு விளைவிப்பவள் என்னும் எண்ணமோ உள்ளத்தையே அரித்துவிடும். நாள்தோறும் பிறர் சொல்லக் கேட்டுக் கேட்டு அச்சிறுமியரும் அதனை மெய்யென நம்பினர். இவ்வாறு தன்மேல் தனக்கே நம்பிக்கை இழந்த உள்ளத்தை மீட்பது, பசித்த வயிற்றுக்குச் சோறிடுவதினும் பன்மடங்கு அரிய பணியாகும். அவ்வரிய பணியே பின்னர்ச் சுப்புலட்சுமி அம்மையாரின் வாழ்க்கைப் பணி ஆயிற்று.

பெற்றோரின் உறுதி

சுப்புலட்சுமியின் பெற்றோர் தம் மகளைப் பின்கட்டிற்கு அனுப்ப உடன்படவில்லை. அவருடைய கூந்தலைக் களையவும் இசைந்திலர். மகளுக்குக் கல்வியே இனி வாழ்வு என்று தந்தையார் துணிந்தார். தாமே வீட்டில் ஆங்கிலம் முதலியவற்றைக் கற்பித்தார். பின்னர்க் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளியில் சுப்புலட்சுமி சேர்ந்து பயின்றார். தமக்கென வாழாது பிறர்க்கெனவே வாழ்ந்த அக்கன்னியரின் தொண்டு அவருடைய இளநெஞ்சில் ஆழப் பதிந்தது. தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களின் கல்விக்கே தம் வாழ்வை ஒப்படைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது.

பள்ளிக் கல்வி முடிந்தபின் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆடவரே நிறைந்த அக்கல்லூரிக்கு இளங்கைம்பெண் ஒருத்தி படிக்கச் செல்வதா என்று சுற்றத்தார் சினந்தனர். சாதியினின்று விலக்கிவிடுவதாகக் குடும்பத்தை அச்சுறுத்தினர். அவர் தெருவில் நடக்கையில் ஏளனம் செய்தோர் பலர். வகுப்பிலும் அவரோடு பழகுவார் இலர். இவற்றையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஏளனத்திற்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தால் பாடத்திற்கு நேரம் ஏது? நூலைத் திறப்பதே அவர் அளித்த மறுமொழி. 1911ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அவர் முதல் வகுப்பில் தேறி, இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் என்னும் சிறப்பு அவருக்கு உரியதாயிற்று. அவ்வாண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நூறு பெண்களுள் ஏறத்தாழ ஒருவருக்கே எழுத்தறிவு இருந்தது என்பதை எண்ணினால், அப்பட்டத்தின் அருமை விளங்கும்.

நால்வரோடு தொடங்கிய இல்லம்

பட்டம் பெற்றவர் தம் நலம் கருதி அமைதியாக வாழ்ந்திருக்கலாம்; ஆனால், அம்மையார் அதனை விரும்பவில்லை. மராட்டிய நாட்டில் பண்டித இரமாபாய் அம்மையார் 1889ஆம் ஆண்டில் கைம்பெண்களுக்கென ஓர் இல்லம் கண்டிருந்தார். பேராசிரியர் கார்வே 1896ஆம் ஆண்டில் புனா நகரில் மற்றோர் இல்லம் தொடங்கியிருந்தார். தமிழ்நாட்டிலும் அத்தகைய இல்லம் ஒன்று வேண்டும் என்று அம்மையார் எண்ணினார்.

அக்காலத்தில் பெண்கள் பள்ளிகளை மேற்பார்க்கும் அதிகாரியாய் இருந்தவர் லிஞ்சு என்னும் அயர்லாந்து நாட்டு மாது. பெண்களுக்குக் கற்பிக்க ஆசிரியைமார் போதவில்லை என்னும் கவலை அவருக்கு இருந்தது. ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்குத் தம் பெண்களை அனுப்பப் பெற்றோர் பலர் அஞ்சினர். ஆசிரியை கிடைத்தாலன்றிப் பெண்கல்வி பரவாது. பெண்கல்வி பரவினாலன்றி ஆசிரியை கிடையார். இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழியை அவ்விருவரும் கண்டனர். வீட்டில் வேண்டாதவராய்க் கருதப்பட்ட இளங்கைம்பெண்களே நாட்டிற்கு வேண்டிய ஆசிரியைமாராக ஏன் உருவாகலாகாது? ஒருபுறம் கண்ணீர்; மறுபுறம் தேவை. இரண்டினையும் இணைத்தது இவ்வெண்ணம்.

1912ஆம் ஆண்டில், எழும்பூரில் இருந்த தம் தந்தையாரின் இல்லத்திலேயே, நான்கு இளங்கைம்பெண்களைக் கொண்டு அம்மையார் தம் பணியைத் தொடங்கினார். அவர் தாயாரின் தங்கையாராகிய வாலாம்பாள் அம்மையாரும் இளமையிலேயே கைம்மை எய்தியவர். அவர் அப்பெண்களுக்குச் சிற்றன்னையாய் இருந்து இல்லத்தைப் பேணினார். அதே ஆண்டில் சாரதா மகளிர் சங்கம் என்னும் அமைப்பும் தோன்றியது. பெண்கள் கூடிச் சொற்பொழிவு கேட்கவும், பொதுச் செய்திகளை ஆராயவும், கல்விப் பணிக்குத் துணைபுரியவும் அச்சங்கம் இடமளித்தது.

பனிக்கட்டி வைத்த மாளிகை

நால்வர் பலராயினர், இல்லத்தில் இடம் போதவில்லை. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எனப்படும் வட்டவடிவ மாளிகை ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842ஆம் ஆண்டில் அது கட்டப்பட்டது. பனிக்கட்டியை இங்கேயே செய்யும் முறை வந்தபின் அவ்வாணிகம் மறைந்தது. சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டில் மேனாட்டினின்று திரும்பி வந்தபோது தங்கியிருந்ததும் இம்மாளிகையிலேயே. அரசினர் 1917ஆம் ஆண்டில் அதனை வாங்கிக் கைம்பெண்கள் இல்லத்திற்கு ஒதுக்கினர். அண்மையிலேயே, 1914ஆம் ஆண்டில் தொடங்கிய மகளிர் கல்லூரி இருந்தது. அதுவே பின்னர் இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. இவ்வாறு பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் அப்பெண்களுக்கு எட்டும் தொலைவில் அமைந்தன.

நம்பிக்கை வளர்த்த முறை

இல்லத்திற்கு வந்த சிறுமியரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பன்னிரண்டு வயதும் பதினான்கு வயதும் உடைய அவர்கள், நிமிர்ந்து பாரார், உரக்கப் பேசார், கேட்டதற்கு மறுமொழி சொல்லவும் அஞ்சுவர். இத்தகையோர்க்குத் துணிவு கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறினால் துணிவு வந்துவிடுமா? நீச்சலைப் பற்றி நூறு நாள் கேட்டவன் நீந்துவதில்லை. நீரில் இறங்கியவனே நீந்துகிறான். துணிவும் அத்தகையதே. செய்து முடித்த செயலிலிருந்தே அது பிறக்கும்.

அம்மையார் இவ்வுண்மையை உணர்ந்தவர். தாமும் அத்துன்பத்தையே நுகர்ந்தவர் ஆதலின், அச்சிறுமியரிடம் அவர் இரக்கம் மட்டும் காட்டவில்லை, நம்பிக்கை வைத்தார். இரக்கம் ஒருவரை எளியவர் என நினைக்கச் செய்யும். நம்பிக்கையோ அவரை வல்லவர் என உணரச் செய்யும். உண்டி கொடுத்து உறையுள் நல்குவதோடு இல்லத்தின் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. ஒவ்வொருவரும் கற்க வேண்டும். கற்றபின் கற்பிக்க வேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி.

கற்பித்தல் என்னும் தொழில் தலைமைப் பண்பை வளர்ப்பதில் நிகரற்றது. வகுப்பறையில் நாற்பது சிறுவர்முன் நிற்கும் ஆசிரியை, முதலில் தன் அச்சத்தை வெல்லல் வேண்டும். சொல்லும் பொருளைத் தான் ஐயமற அறிதல் வேண்டும். தெளிவாகப் பேசல் வேண்டும். குறும்பு செய்வோனை அன்பால் திருத்தல் வேண்டும். பின்தங்கியவனைக் கைதூக்கி விடல் வேண்டும். இவையெல்லாம் தலைவர்க்குரிய பண்புகள் அல்லவா? நேற்றுவரை காலையில் எதிர்ப்படலாகாது என்று விலக்கப்பட்டவள் எவளோ, அவள் வரவையே காலைதோறும் குழந்தைகள் வாயிலில் எதிர்நோக்கி நிற்கலாயினர். அவளுடைய உள்ளக் காயத்திற்கு இதனினும் சிறந்த மருந்து வேறில்லை.

ஐஸ் ஹவுஸை அடுத்திருந்த குப்பத்து மீனவர் குழந்தைகளின் கல்வியிலும் அம்மையார் கருத்துச் செலுத்தினார். அவர்களுக்கெனப் பள்ளி ஒன்று அமைய வழிசெய்தார். உதவி பெறுவோர் பிறர்க்கு உதவவும் கற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

முன்மதியும் பொறுமையும்

அம்மையார் ஆத்திரக்காரர் அல்லர். ஊரையே எதிர்த்துப் போரிட்டால் தம் புகழ் வளரலாம். ஆனால், பெற்றோர் தம் பெண்களை இல்லத்தினின்று அழைத்துச் சென்றுவிடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின், உணவிலும் வழிபாட்டிலும் குடும்பங்களின் பழக்கங்களை இல்லத்தில் காத்தார். அதனால் பெற்றோரின் அச்சம் தணிந்தது. பெண்களின் கல்வி தடையின்றி நடந்தது.

இம்முறைக்கு ஒரு குறையும் இருந்தது. தொடக்கத்தில் அவ்வில்லம் அந்தணர் குலத்துக் கைம்பெண்களுக்கே உரியதாய் இருந்தது. பிற குலங்களிலும் துன்புறும் பெண்கள் இருந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. மேலும், பதினெட்டு வயதைக் கடந்தவர்க்கு அங்கு இடம் இல்லை. நாளடைவில் அம்மையாரின் பணி இவ்வெல்லைகளைக் கடந்து விரிந்தது. வயது முதிர்ந்த பெண்களுக்காக 1920களில் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்தியாலயம் என்னும் பள்ளியை அவர் தோற்றுவித்தார். அப்பள்ளி 1938ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப் பெற்று மேலும் வளர்ந்தது.

ஆசிரியைமாரின் பயிற்சிக் களம்

1922ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியும் அதனைச் சார்ந்த மாதிரிப் பள்ளியும் சென்னையில் தோன்றின. அக்கல்லூரியின் முதல் தலைவர் சுப்புலட்சுமி அம்மையாரே. பட்டம் பெற்றோர், நடுநிலைப் பள்ளிகளுக்குரியோர், தொடக்கப் பள்ளிகளுக்குரியோர் என மூவகை ஆசிரியைமாரும் அங்குப் பயிற்சி பெற்றனர். பல சமூகத்துப் பெண்களும் அங்குச் சேர்ந்து பயின்றனர். பாடங்களோடு உடற்பயிற்சியும் கைத்தொழிலும் இடம் பெற்றன.

மாதிரிப் பள்ளியின் பயன் பெரிது. பயிற்சி பெறும் பெண் முதலில் பாடக் குறிப்பு எழுதுவாள். பின்னர் அப்பாடத்தை மெய்யான குழந்தைகளுக்கு, மெய்யான வகுப்பில் கற்பிப்பாள். பேராசிரியையும் உடன் பயில்வோரும் பின்னிருந்து நோக்குவர். வகுப்பு முடிந்தபின் நிறையும் குறையும் எடுத்துரைக்கப்படும். முதல் நாளில் குரல் நடுங்கும். கைச் சுண்ணக்கட்டி நழுவும். நாள் செல்லச் செல்ல நடுக்கம் குறையும். குழந்தைகள் தலையசைத்துப் புரிந்துகொள்வதைக் காண்கையில் மகிழ்ச்சி பெருகும். குறையைப் பிறர் எடுத்துக்காட்டும்போது மனம் சோராமல் ஏற்றுத் திருத்திக்கொள்ளும் பழக்கமும் அங்கேதான் படியும். இவ்வாறு பயின்ற பெண்கள் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் சென்று ஆசிரியைமாராகவும் தலைமையாசிரியைமாராகவும் பணிபுரிந்தனர். ஒருத்தி கற்றதால் ஓர் ஊரின் சிறுமியர் கற்றனர். விளக்கிலிருந்து விளக்கேற்றுவது போல் அம்மையாரின் பணி பரவியது.

நாட்டுப் பணி

நோய்க்கு மருந்திடுவதினும் நோயின் முதலைக் களைவதே சிறந்தது. இளங்கைம்பெண்கள் உண்டாவதற்குக் காரணம் குழந்தை மணம். ஆதலின், அதனைத் தடுக்கும் முயற்சிக்கு அம்மையார் துணைநின்றார். மணவயதை ஆராய்வதற்கு அரசினர் அமைத்த ஜோஷி குழுவின்முன் தோன்றித் தம் கருத்தை எடுத்துரைத்தார். 1929ஆம் ஆண்டில் குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறி, 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் மணத்திற்குரிய குறைந்த வயதாக அச்சட்டம் வரையறுத்தது. பின்னர் 1978ஆம் ஆண்டில் பெண்ணுக்கு 18 எனவும் ஆணுக்கு 21 எனவும் அவ்வயது உயர்த்தப்பட்டது.

அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின்னும் அம்மையார் ஓய்ந்திருந்திலர். 1942ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் என்னும் சிற்றூரில் 1954ஆம் ஆண்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நலநிலையம் அமையப் பாடுபட்டார். மயிலாப்பூர் மகளிர் கழகத்தின் தலைவராய் இருந்து, 1956ஆம் ஆண்டில் பள்ளி ஒன்று தோன்றச் செய்தார். அதுவே வித்யா மந்திர் என இன்று வழங்குகிறது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினராகவும் விளங்கினார்.

ஆங்கில அரசு 1920ஆம் ஆண்டில் அவருக்குக் கெய்சர்-இ-இந்த் பொற்பதக்கம் வழங்கியது. விடுதலை பெற்ற இந்திய அரசு 1958ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதளித்துப் பாராட்டியது. மோனிகா பெல்டன் என்னும் ஆங்கில மாது அவர் வாழ்க்கையை எழுதி 1966ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பட்டங்களும் பதக்கங்களும் பல வந்தபோதும், அன்பர்கள் அன்புடன் வழங்கிய சகோதரி என்னும் பெயரே அவருக்கு நிலைத்த பெயராயிற்று. 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள், தம் 83ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார்.

வாழ்க்கை உணர்த்தும் உண்மை

அம்மையாரின் வாழ்க்கை உணர்த்தும் உண்மை யாது? தன்னம்பிக்கை சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வாய்த்த பேறு அன்று. எவரேனும் ஒருவர் நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும்போது அது முளைக்கிறது. அப்பொறுப்பைச் செவ்வனே செய்து முடிக்கும்போது தழைக்கிறது. அதே நம்பிக்கையைப் பிறர்மீது வைக்கும்போது கனிந்து தலைமை ஆகிறது. சிறுமி சுப்புலட்சுமியை அவர் தந்தையார் நம்பினார். அவர் நால்வரை நம்பினார். அந்நால்வரின் பின்வந்தோர் பல்லாயிரம் குழந்தைகளை நம்பினர்.

இன்று மேற்கு மலைத் தொடரின் அடியில் அமைந்த ராயகிரி போன்ற ஊர்களிலும், காலை வேளையில் சீருடையணிந்த சிறுமியர் புத்தகப் பையோடு பள்ளிக்குச் செல்வது நாள்தோறும் காணும் காட்சி. அவர்களை எதிர்ப்படுவோர் தீய சகுனம் என்று திரும்புவதில்லை. நன்கு படியுங்கள் என்று வாழ்த்தியே செல்கின்றனர். இவ்வழி தானே அமைந்துவிடவில்லை. ஏளனம் பொறுத்து முன்னே நடந்தவர்கள் அமைத்த வழி இது.

பள்ளியில் மாணவர்க்குக் கிடைக்கும் பொறுப்புகள் சிறியனவாகத் தோன்றலாம். வகுப்புத் தலைமை ஏற்றல், இறைவணக்கக் கூட்டத்தில் செய்தி வாசித்தல், நூலகப் புத்தகங்களைக் காத்தல், பின்தங்கிய தோழனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தல் ஆகிய யாவும் பயிற்சிக் களங்களே. அவற்றை ஏற்க அஞ்சி ஒதுங்குதல் வேண்டா. வகுப்பின் கடைசி வரிசையில் பேசாது அமர்ந்திருக்கும் தோழனையும் தோழியையும் அழைத்து, அவர்க்கும் ஒரு பொறுப்பளித்து உடன்நிற்றல் அதனினும் சிறந்தது. தான் மட்டும் முன்னே செல்பவர் முதல்வர் ஆகலாம். பிறரையும் தம்மோடு முன்னே அழைத்துச் செல்பவரே தலைவர் ஆவர். சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் அத்தகைய தலைவர். அவர் காட்டிய நெறி இளைஞர் யாவரும் பின்பற்றத்தக்க நெறியாகும்.